நாலு விரற்கடை

கொக்கூரணியில் அந்த வருஷம் ஐப்பசி பிறந்து தை முடியும்வரை யாரும் மதியச் சாப்பாட்டுக்கு மணி பார்த்ததில்லை. பொழுது உச்சிக்கு ஏறி, அவரவர் நிழல் அவரவர் காலடியில் ஒடுங்கியதும், கண்மாய்க்குக் கீழே வயக்காட்டிலிருந்து சரக், சரக் என்று மண்வெட்டிச் சத்தம் எழும்பும். அதைக் கேட்டதும் டீக்கடைக்காரர் பாய்லரை இறக்கிவைப்பார், நூறு நாள் வேலைக்குப் போன பெண்கள் தூக்குவாளியைத் திறப்பார்கள், பள்ளிக்கூடத்துச் சத்துணவு ஆயா கரண்டியை எடுப்பாள், வீட்டுக்கு வீடு "சோணமுத்து எறங்கிட்டான், சோத்தப் போடு" என்று குரல் கேட்கும். சோணமுத்து செத்துப்போய்ப் பதினாறாம் நாள் காரியமும் முடிந்துவிட்டது என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்காகச் சோறு ஆறவேண்டியதில்லை என்று ஊர் நினைத்தது.

அந்தச் சத்தத்துக்கு நெஞ்சு அடித்துக்கொண்டவள் ஒருத்திதான், அவன் பெண்டாட்டி வள்ளிமயில். ஏனென்றால் அவன் என்ன வெட்டுகிறான் என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

ஊரின் கிடப்பைச் சொல்லிவிட்டால் மற்றது சுலபம். மேற்கே கண்மாய். கண்மாய்க் கரைக்குக் கிழக்கே, பள்ளத்தில், மூன்று மடைகளில் இறங்கும் தண்ணீரைக் குடித்துக்கொண்டு வயக்காடு. வயக்காட்டுக்குக் கிழக்கே மேட்டில் ஊர், ஊரைத் தாண்டினால் ஆடு மேயும் பொட்டல், பொட்டலைத் தாண்டினால் பஸ் நிற்கிற ரோடு. நடுமடைப் பாய்ச்சலில் இரண்டு செய்கள், வயல் துண்டுகள், ஒட்டிக் கிடந்தன. கரையடியில் இருந்த மேலச்செய் சேவுகனுடையது, அதற்குக் கிழக்கே கீழச்செய் சோணமுத்துவுடையது. இருவரும் ஒரே தாத்தாவின் பேரன்கள், பங்காளிகள். நடுவில் அவர்கள் தாத்தா காலத்து வரப்பு ஒன்று ஓடியது.

நடவுக்கு முன்னால் வரப்பை அண்டை வெட்டுவது எல்லா ஊரிலும் உள்ள வேலை. எலி வளையும் புல்லும் மண்டிப்போன பக்கவாட்டை மண்வெட்டியால் சீவி, தொழிச்சேற்றை அள்ளிப் பூசி மெழுகினால் தண்ணீர் கசியாது. சோணமுத்துவும் வருஷா வருஷம் அதைத்தான் செய்தான், ஒரு வித்தியாசத்தோடு. தன் பக்கத்தில் நாலு விரற்கடை, நாலு விரல் அகலம், அதிகமாகச் சீவுவான். சீவிய மண்ணைக் கூடையில் அள்ளி வள்ளிமயில் வரப்பின் அந்தப் பக்கம், சேவுகன் செய்க்குள், நாலு விரற்கடை அணைத்துப் பூசுவாள். பூசிய ஈரத்தில் பழைய அறுகம்புல்லைப் பெயர்த்து நட்டுவைப்பாள். மூன்றாம் நாள் பார்த்தால் வரப்பு நூறு வருஷமாக அங்கேயே கிடந்ததுபோல் இருக்கும். அகலம் குறையாது, உயரம் குறையாது, நின்ற இடம் மட்டும் நாலு விரற்கடை மேற்கே நகர்ந்திருக்கும். சத்தம் கேட்டு ஆள் வராமல் இருக்கத்தான் ஊரே சாப்பிடப் போகிற உச்சிவேளையைத் தேர்ந்தெடுத்திருந்தான். முப்பத்திரண்டு வருஷம் இது நடந்தது.

"நாலு வெரக்கடயில என்னத்த வாரிக் கட்டப் போறீக?" என்று அவள் ஒருதரம் கேட்டாள்.

"ஒரு முடி நாத்து நிக்கும்ல."

"நமக்குப் பின்னாடி அத அறுக்க ஆரு இருக்கா?"

அவர்களுக்குப் பிள்ளை இல்லை. சோணமுத்து அவள் காலில் காய்ந்திருந்த சேற்றை உட்கார்ந்து உரித்து எடுத்தான். மோசமான மனிதன் என்று அவனைச் சொல்லவே முடியாது. கஞ்சி குடிக்கும்போது கடைசித் துண்டு வெங்காயத்தை அவளுக்கு என்று ஒதுக்கிவைப்பான். அவளுடைய இடது கை மோதிர விரல் நுனியைக் கதிர் அறுப்பில் அரிவாள் கொண்டுபோனபோது, பஸ்ஸுக்குக் காத்திராமல் ஆஸ்பத்திரிக்கு ஏழு மைல் அவளைச் சைக்கிளில் வைத்து மிதித்தான். மற்ற ஆண்களுக்கு டீக்கடை, சீட்டுக்கட்டு, எலெக்ஷன் என்று பத்து இடம் இருந்தது. அவனுக்கு அந்த ஒரு வரப்புதான். பேச்சும் சிரிப்பும் கோபமும் கொஞ்சலும் எல்லாம் அவளோடு அங்கேயே நடந்தன. புரட்டாசி நடுவில் ஓர் உச்சிவேளையில், வெட்டு பாதியில் நிற்க, மண்வெட்டியைப் பிடித்தபடியே வரப்பில் சாய்ந்து செத்தும்போனான்.

பாதியில் விட்டதை முடிக்காமல் அவனுக்கு நிம்மதி ஏது? பதினேழாம் நாள் உச்சிக்குச் சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தவர்கள் ஆளைப் பார்க்கவில்லை. வரப்பின் கிழக்குப் பக்கம் புதிதாகச் சீவிய பளபளப்பையும், காற்றில் பீடி வாசனையையும், கன்னங்கரேலென்று ஒழுகி மண்ணில் விழுந்து ஊறிப்போகும் வியர்வைச் சொட்டுகளையும் பார்த்தார்கள். முதல் நாள் பயந்தார்கள். இரண்டாம் நாள் பேசிக்கொண்டார்கள். மூன்றாம் நாள், "இருந்தப்பவும் ஒழைச்சான், செத்தும் ஒழைக்கிறான், ஒங்கள மாதிரியா" என்று பெண்கள் புருஷன்மார்களைக் குத்த ஆரம்பித்தார்கள். வாரம் திரும்புவதற்குள் உச்சிவேளையில் அந்த வரப்பில் நடப்பதில்லை என்று தானாகவே ஒரு கட்டுப்பாடு வந்தது. யாரோ ஒரு சட்டியில் கஞ்சியும் வெங்காயமும் வைத்துவிட்டு வந்தார்கள். இடுப்புப் பிடிப்பு நீங்கினால் மண்வெட்டி வாங்கி வைப்பதாக ஒருவர் நேர்ந்துகொண்டு, நீங்கிப்போய், புது மண்வெட்டி ஒன்றை வரப்பில் செருகிவிட்டுக் கும்பிட்டார்.

ஆனால் வரப்பு நகர்வதை யாரும் பார்க்கவில்லை. உயிரோடு இருந்தபோது வருஷத்துக்கு நாலு விரற்கடை நகர்ந்த வரப்பு, இப்போது நாளுக்கு ஒரு சாண் நகர்ந்தது.

வள்ளிமயில் அதைக் கண்டது பனையை வைத்து. மேலச்செய்யில் வரப்பிலிருந்து இரண்டு எட்டில் சேவுகனின் ஒற்றைப்பனை நின்றது. எட்டாம் நாள் காலையில் களை பார்க்கப் போனவள், பனை தன் செய்க்குள் நிற்பதைப் பார்த்தாள். பிடுங்கி நட்ட தடம் எதுவும் இல்லை. பனை நின்ற இடத்தில்தான் நின்றது, வரப்புதான் அதைத் தாண்டிப் போயிருந்தது. இத்தனை வருஷத் திருட்டு வெளியே வந்துவிட்டது, சேவுகன் ஊரைக் கூட்டப்போகிறான் என்று நினைத்தாள். அன்று சாயங்காலமே சேவுகன் வந்து வாசலில் நின்றான்.

"ஆத்தா வள்ளி, மாட்டுக்கொட்டக ஒழுகுது. ஒங்க பனையில ரெண்டு மட்ட வெட்டிக்கிறவா?"

"எங்க பனையா? பெரிய மச்சான், அது ஒங்க பனைல்ல?"

"என்னாத்தா இப்படிச் சொல்ற. சித்தப்பா வச்ச பனை, சின்ன வயசுல ஏறி ஒதையே வாங்கியிருக்கேன்" என்று அவன் சிரித்தான். பொய் சொல்லுகிறவன் சிரிப்பு இல்லை அது. உதை வாங்கியது உண்மைதான், ஆனால் அவனுடைய அப்பாவிடம்.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. வரப்பு தாண்டிய மண், மண்ணாக மட்டும் கை மாறவில்லை. அந்த மண்மேல் நடந்த எல்லாமும் அதோடு கை மாறின. இழந்தவர்களுக்கு இழந்தது தெரியவில்லை, ஊருக்கும் தெரியவில்லை. வள்ளிமயில் வாங்குகிற பக்கம் இருந்தாள், அதனால் அவளுக்கு எல்லாம் நினைவிருந்தது. திருடினவருக்குத்தான் திருட்டு நினைவிருக்கும், அது எப்போதும் அப்படித்தான்.

கார்த்திகையில் மேலச்செய் நடுவிலிருந்த கல்தொட்டியை வரப்பு தாண்டியது. சேவுகனின் அப்பா பெயர் வெட்டியிருந்த தொட்டியில் மறுநாள் சோணமுத்துவின் அப்பா பெயர் இருந்தது. அவள் தாலுகா ஆபீசுக்கு நடந்து ஒரு சர்வேயரைக் கூட்டிவந்தாள். "ஒங்க நெலத்துல அடுத்தவுக நெலம் இருக்குன்னு மனு குடுத்த ஆள நான் இப்பத்தாம்மா பாக்குறேன்" என்று சொல்லிக்கொண்டே அவர் அளந்தார், படத்தை விரித்தார், மறுபடி அளந்தார். படமும் நிலமும் சரியாக இருந்தன. ஒரு வாரம் கழித்து அதே ஆள் ரோட்டுப் பக்கம் போகிறபோது எட்டிப் பார்த்து, இன்னும் ஐந்து அடி மேற்கே போயிருந்த வரப்பை அளந்து, அப்போதும் படத்தில் சரியாக இருக்கிறது என்றார். மேலச்செய் ஒடுங்கிக்கொண்டே போய்ப் பாய் அகலமானது. அதில் விளைந்ததைச் சேவுகன் ஒரே தலைச்சுமையாக வீட்டுக்குக் கொண்டுவந்து, எங்களுக்கு எப்போதும் இவ்வளவுதான் என்று திருப்தியாகச் சொன்னான்.

பனை போகட்டும், தொட்டி போகட்டும், நெல் போகட்டும். வள்ளிமயிலைத் தூங்கவிடாமல் செய்தது மருதாணிச் செடி.

மேலச்செய்யின் மேற்கு ஓரத்தில், கண்மாய்க் கரையடியில், சேவுகன் பெண்டாட்டி இருளாயியின் ஒரே மகள் பவளம் புதைந்திருந்தாள். நாலு வயதில் காய்ச்சலில் போன பிள்ளை. சின்னஞ்சிறுசுகளை எரிக்கிற வழக்கம் இல்லை என்பதால் சொந்த மண்ணிலேயே புதைத்து, தலைமாட்டில் இருளாயி ஒரு மருதாணிக் கொப்பை ஊன்றினாள். அது தழைத்துப் புதராகி நின்றது. வருஷா வருஷம் பொங்கலுக்கு மறுநாள், பிள்ளை போன நாளில், அதன் இலையைப் பறித்து அரைத்துத் தன் இடது உள்ளங்கையில் மட்டும் ஒரு வட்டம் வைத்துக்கொள்வாள். "இந்தக் கையிலதான் தூக்கி வச்சிருப்பேன்" என்பாள். அதற்குப் பிறகு அவளுக்குப் பிள்ளை தங்கவில்லை. அந்தச் சிவப்பு மங்க மங்க அவள் முகமும் மங்கும், அடுத்த பொங்கலுக்கு மறுபடி சிவக்கும். அப்படியேதான் இருபத்தெட்டு வருஷம் அவள் உயிரைப் பிடித்து வைத்திருந்தாள்.

வரப்பு அந்தச் செடியைத் தாண்டினால் என்ன ஆகும் என்று வள்ளிமயிலுக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை.

அவள் உச்சிவேளையில் வரப்புக்குப் போனாள். சத்தம் மட்டும் கேட்டது, மண் தன்னால் சீவிச் சீவி விழுந்தது. "இந்தாங்க, போதும்" என்றாள். சத்தம் நின்றது. கஞ்சி கொண்டுபோனால் அவன் இப்படித்தான் நிறுத்துவான், நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு அவளைப் பார்ப்பான். பீடி வாசனை கிட்டத்தில் வந்தது. அவள் அழுதுகொண்டே, "நம்ம பவளத்த தாண்டாதீக. அக்கா செத்துருவாக. செத்தாக்கூடப் பரவால்ல, மறந்துருவாகங்க" என்றாள். பிறகு காலடியில் கிடந்த கூடை, அள்ளு என்று சொல்வதுபோல் அவள் பக்கம் ஒரு சாண் தள்ளிவைக்கப்பட்டது. அவள் கூடையை எட்டி உதைத்துவிட்டு வீட்டுக்கு ஓடிவந்தாள்.

ஊரில் சொல்லிப்பார்த்தாள். "வரப்பு நகருதா? வரப்பு எங்கத்தா நகரும், மனுசந்தான் நகரணும்" என்று டீக்கடையில் சிரித்தார்கள். இரண்டு பெண்கள், புருஷன் போன துக்கம் தலைக்கு ஏறிவிட்டது என்று எலுமிச்சம்பழம் தேய்த்துவிட்டார்கள். அவளுக்கும் உடம்பு என்னவோபோல்தான் இருந்தது. அவன் போனதிலிருந்து மதியக் கஞ்சி குடித்ததும் ஒரு தூக்கம் வந்து ஆளை அமுக்கியது. எழுந்திருக்கும்போது கை இரண்டும் கனக்கும், நகக்கண்ணில் மண் இருக்கும். களை எடுத்த மண் என்று கழுவிக்கொள்வாள்.

பொங்கல் வந்தது. பொங்கலன்று மத்தியானமும் சத்தம் கேட்டது, ஊர் அந்தக் கணக்கில் பானையை இறக்கிச் சாமி கும்பிட்டது. மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக வள்ளிமயில் வயக்காட்டுக்குப் போனாள். மருதாணிச் செடி அவள் செய்க்குள் நின்றது. வரப்பு அதைத் தாண்டி ஒரு சாண் மேற்கே, கண்மாய்க் கரைக்குக் கால் வைக்க இடம் மட்டும் விட்டு, சாதுவாகக் கிடந்தது. அவள் வரப்பின் அந்தப் பக்கம் இறங்கிக் குனிந்தாள். பூசிய சேறு இன்னும் முழுசாகக் காயவில்லை. அறுகு புதிதாக நட்டிருந்தது. சேற்றில் மெழுகிய கையின் தடம் தெளிவாக இருந்தது: பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல், சுண்டுவிரல் முழுசாக, மோதிர விரல் நுனி இல்லாமல் அரைகுறையாக.

தடத்தின்மேல் அவள் தன் இடது கையை வைத்துப் பார்த்தாள். பொருந்தியது.

அவன் வெட்டினால் மட்டும் வரப்பு நகராது, யாராவது அந்தப் பக்கம் பூசவேண்டும் என்பது முப்பத்திரண்டு வருஷமாகப் பூசினவளுக்குத் தோன்றாமல் போனதே! செத்தவன் வெட்டினான், உயிரோடு இருந்தவள் தூக்கத்தில் எழுந்துவந்து பூசினாள். அவள் வரப்பிலேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். அப்புறம் எழுந்து இருளாயி வீட்டுக்கு ஓடினாள்.

இருளாயி மாடு கழுவிய ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "வா வள்ளி. என்ன இப்படி மூச்சு வாங்குது?"

"அக்கா, இன்னைக்கு மருதாணி வைக்கலையா?"

"மருதாணியா? கெழவிக்கு எதுக்குடி மருதாணி?"

"பவளத்துக்கு வைப்பீகல்ல."

"எந்தப் பவளம்?" என்றாள் இருளாயி, முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல். அவள் கை வெளுத்து, சுத்தமாக, யாருடைய கையாகவோ இருந்தது. பத்து வயது குறைந்தவளாக, சந்தோஷமாகக்கூட இருந்தாள். அதைப் பார்க்கத்தான் வள்ளிமயிலால் முடியவில்லை.

அன்றைக்கு உச்சிவேளையில் அவள் கஞ்சி குடிக்கவில்லை, கண்ணையும் மூடவில்லை. அவனுடைய மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போய், வரப்பின் மேற்குப் பக்கம் இறங்கி, வாழ்க்கையில் முதல் முறையாக அந்தப் பக்கத்திலிருந்து வெட்டினாள். வெட்டிய மண்ணைக் கிழக்குப் பக்கம் அணைத்துப் பூசினாள், அறுகைப் பெயர்த்து அங்கே நட்டாள். கிழக்கே அவன் வெட்டுகிற சத்தமும் கேட்டது. அவன் வெட்டியதை அவள் திரும்ப அப்பினாள், தான் வெட்டியதையும் அப்பினாள். ஊரில் எல்லோரும், இன்றைக்கு ரெண்டு மண்வெட்டிச் சத்தம் கேட்குது, புருஷனுக்கு ஒத்தாசைக்குப் போயிருக்கா என்று மெச்சிக்கொண்டு சோறு தின்றார்கள். பொழுது சாய்வதற்குள் மருதாணிச் செடி மேலச்செய்க்குத் திரும்பியது. எழுந்து நிமிர்ந்தபோது ஏதோ ஒன்று தன்னிடம் குறைந்திருப்பது வள்ளிமயிலுக்குத் தெரிந்தது. அவன் எந்த மாசத்தில் செத்தான் என்று யோசித்தாள். வரவில்லை. இழக்கிற பக்கம் இப்போது அவள் நின்றாள்.

ராத்திரி இருளாயி தலைவிரிகோலமாக அவள் வீட்டுக்கு ஓடிவந்தாள்.

"வள்ளி, எனக்கொரு புள்ள செத்துச்சுடி. கரையடியில புதைச்சேன். ஆனா மூஞ்சி வரலடி. ஆம்பளப் புள்ளயா பொம்பளப் புள்ளயா, அதுகூட வரலடி. வெறும் சாவு மட்டும் வந்து ஒக்காந்திருக்கு. நான் என்ன தாயி!"

பிள்ளை செத்தது செடியடி மண்ணில் இருந்தது. பவளம் குளித்தது கல்தொட்டி மண்ணில் இருந்தது, பனங்காய் உருட்டி விளையாடியது பனையடி மண்ணில் இருந்தது. மூஞ்சி, குரல், கொலுசு, சிரிப்பு எல்லாம் அந்தச் செய் முழுக்க இறைந்து கிடந்தன. சாவை மட்டும் திருப்பிக் கொடுத்தது கொடுக்காததைவிடக் கொடுமை. வள்ளிமயில் சொல்லிப்பார்த்தாள். "பொம்பளப் புள்ளக்கா, பேரு பவளம், நெத்தியில தழும்பு இருக்கும்." இருளாயி தலையை ஆட்டிக் கேட்டாள், அடுத்த மூச்சில், "ஆம்பளயா பொம்பளயாடி?" என்றாள். சொல் தங்கவில்லை. மண்ணைக் கொடுத்தால்தான் தங்கும்.

அறுப்பு முடிந்து காய்ந்த செய்யில் அவள் வரப்பைக் கிழக்கே தள்ள ஆரம்பித்தாள். காலையில் இறங்கினால் இருட்டும்வரை ஏழு சாண், எட்டு சாண். கை கொப்புளித்து, உடைந்து, காய்த்தது. கல்தொட்டி திரும்பியது, அன்று இருளாயி "வழுக்கி விழுந்து நெத்தி கிழிஞ்சுச்சே" என்று தழும்போடு மகளை நினைவுகூர்ந்து அழுதாள். அன்று வள்ளிமயிலுக்குத் தன் விரல் நுனி எப்படிப் போனது என்பது தெரியும், ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போனாள் என்பது மறந்திருந்தது. பனை திரும்பியது, இருளாயிக்குப் பெயர் வந்தது, சிரிப்பு வந்தது. வள்ளிமயிலுக்கு, அவன் ஒதுக்கிவைத்த வெங்காயத்தின் நினைவு போனது. உச்சிவேளையில் எதிர்ப்பக்கம் கேட்கிற சத்தம் நாளுக்கு நாள் மெலிந்தது. அவன் அவளோடு மல்லுக்கு நிற்கவில்லை. உயிரோடு இருந்தபோதும் அவளிடம் ஜெயிக்க அவன் ஆசைப்பட்டதில்லை. அவள் வேகத்துக்குத் தக்கபடி வெட்டினான், அவள் மூச்சு வாங்க நின்றால் தானும் நின்றான். வரப்புக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக இருவரும் முன்னெப்போதும் இல்லாத ஒற்றுமையாக வேலை செய்தார்கள்.

செத்தபின் திருடியதைத் திருப்பிக் கொடுத்து முடிந்தது. அடுத்து, உயிரோடு இருந்தபோது திருடிய மண். அங்கே அவள் நிறுத்தியிருக்கலாம், பிள்ளை முழுசாகத் தாயிடம் போய்விட்டதே. ஆனால் அன்று இருளாயி கஞ்சியோடு வயலுக்கு வந்தவள், வரப்பில் உட்கார்ந்து கண்மாய்க் கரையைப் பார்த்தபடி சொன்னாள்:

"எல்லாம் ஞாபகம் வந்திருச்சு வள்ளி. ஒண்ணே ஒண்ணு மட்டும் இந்த முப்பது வருசமா எனக்கு வந்ததேயில்ல. அவ பொறந்தப்ப அழுதாளான்னு. ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்ல. பெத்தவளுக்கு மொத அழுகைகூட ஞாபகமில்லன்னு சொல்ல வெக்கமா இருக்காதா?"

வள்ளிமயிலுக்கு அந்த அழுகை தெரியும். அவள் கல்யாணம் ஆகி வந்த வருஷம், நிறைமாசத்தோடு களை எடுத்துக்கொண்டிருந்த இருளாயிக்கு வரப்படியிலேயே வலி எடுத்தது. புதுப்பெண் வள்ளிமயில்தான் சேலையைப் பிடித்து மறைப்புக் கட்டினாள். பிள்ளை விழுந்து, வயக்காடே திரும்பிப் பார்க்கிறமாதிரி கத்தியது. அடுத்த நடவுக்கு முன்னால் சோணமுத்து முதன்முதலாகச் சீவி அந்தப் பக்கம் அப்பியது அந்த இடத்தின்மேல்தான். உயிரோடு இருந்தபோது எடுத்ததும் வெறும் மண் இல்லை.

ஒவ்வொரு வருஷத் திருட்டாகப் பின்னோக்கி அவள் வெட்டினாள். சைக்கிள் போனது. அவன் நடை போனது. அவன் அவளைக் கூப்பிடுகிற விதம் போனது. மாசிப் பிறப்புக்கு இரண்டு நாள் இருக்கும்போது, உச்சிவேளையில், கடைசி நாலு விரற்கடை மிச்சம் இருந்தது. அப்போது அவளிடமும் ஒன்றே ஒன்றுதான் மிச்சம். யாரோ ஒரு கறுத்த ஆள் அவள் காலடியில் குத்துக்கால் வைத்து உட்கார்ந்து, காய்ந்த சேற்றை உரித்துக்கொண்டே, "அறுக வேரப் புடிச்சு வை புள்ள, தலையப் புடிச்சா பட்டுரும்" என்கிறான். அவள் அதைத் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டாள். எதிர்ப்பக்கம் சத்தம் இல்லை, பீடி வாசனை மட்டும் மெல்லிசாக இருந்தது. நாலு விரற்கடைதான். வைத்துக்கொண்டால் யாருக்கும் தெரியாது. ஒரு முடி நாற்று நிற்கிற இடம்.

"இந்தாங்க" என்றாள். பெயர் வரவில்லை. "நான் வரட்டுமா?"

காத்திருந்தாள். பிறகு கூடை, தானாக, மேற்கிலிருந்து கிழக்கே, அவள் கைக்கு எட்டுகிற இடத்துக்கு ஒரு சாண் நகர்ந்து வந்து நின்றது. அவள் வெட்டினாள், அப்பினாள், அறுகை வேரைப் பிடித்து நட்டாள்.

மறுநாள் கொக்கூரணிக்குப் பசி தப்பிப்போனது. உச்சி சாய்ந்து வெகு நேரம் ஆகியும் யாரும் சோறு போடவில்லை. எதற்காகவோ காத்திருந்ததுபோல் காதைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், எதற்கென்று ஒருவருக்கும் தெரியவில்லை. வரப்பில் செருகியிருந்த புது மண்வெட்டியை, எவனோ மறந்துவிட்டுப் போயிருக்கிறான் என்று ஒருவர் எடுத்துப்போனார். வள்ளிமயில் தன் வீட்டுச் சுவரில் சந்தனம் வைத்த ஒரு போட்டோவைப் பார்த்தாள். யாரோ பெரியவர், நல்ல முகம். போட்டோ இருப்பதால் அன்றாடம் பொட்டு வைத்தாள். அவள் யார், எப்படி அந்தச் செய்க்குச் சொந்தக்காரி ஆனாள் என்று ஊரில் யாரும் கேட்கவில்லை. ஒண்டிக்கட்டை, நல்லவள், எங்கிருந்தோ வந்தவள் என்று சொல்லிக்கொண்டார்கள். இந்தக் கதையை எனக்குச் சொன்னது யார் என்று கேட்டால், அந்த அறுகம்புல்லைத்தான் காட்டமுடியும். இரண்டு பக்கமும் வேர்விட்டது அது ஒன்றுதான்.

அந்த வருஷம் இருளாயி பிள்ளையின் நாளைத் தவறவிட்டதற்காக மாசியில் ஒரு வெள்ளிக்கிழமை மருதாணி பறித்தாள். அரைத்துக்கொண்டே சிரித்தாள், அழுதாள். "அழுதாடி வள்ளி! என்னா கத்து கத்துனா! மடைத் தண்ணிச் சத்தத்துக்கு மேல கேட்டுச்சு!" என்றாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் நாலு பேர் கூடியிருந்தார்கள். தன் இடது கையில் வட்டம் வைத்து முடித்ததும் இருளாயி, காய்த்துப்போன வள்ளிமயிலின் இடது கையைப் பிடித்து இழுத்தாள்.

"எனக்கு எதுக்குக்கா? எனக்கு ஆரு இருக்கா?"

"சும்மா காட்டு."

விரல் நுனி இல்லாத அந்தக் கையில் வட்டம் வைத்தார்கள். காய்ந்ததும் கண்மாய்த் தண்ணீரில் கழுவினார்கள். மற்றவர்கள் கை செங்கல் நிறமாக இருந்தது, இருளாயி கை அதைவிடக் கொஞ்சம் கூட. வள்ளிமயிலின் உள்ளங்கை மட்டும் கருஞ்சிவப்பாக, ரத்தம் கட்டியதுபோல் ஏறியிருந்தது.

புருஷன் எவ்வளவு ஆசை வைத்திருக்கிறானோ மருதாணி அவ்வளவு சிவக்கும் என்று அந்தப் பக்கத்துப் பெண்கள் சொல்வது வழக்கம். ஒருத்தி அந்தக் கையைத் தூக்கிப் பிடித்து எல்லோருக்கும் காட்டிக் கேலி செய்தாள். "அடியே, கட்டிக்காதவளுக்கு இம்புட்டுச் செவப்பா! ஆருடி அந்த ஆளு?"

எல்லோரும் சிரித்தார்கள், வள்ளிமயிலும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கையை விடுவித்து, வயக்காட்டுப் பக்கம் திரும்பி, "தெரியலையே" என்றாள். இருளாயி அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினாள். வள்ளிமயிலுக்குக் கண்ணில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, எதற்கென்று அவளுக்கே தெரியவில்லை.